ஒற்றை வால்வு ஞானப்பிரகாசம்

கன்டோன்மென்ட் ஸ்டேஷன் கூட்ஸ் ஆபீசில் வேகன் ரசீதுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, ஜன்னலுக்கு வெளியே காதர் பாய் சைக்கிளைப் பிடித்தபடி நிற்பதைப் பார்த்தேன். மழையில் தொப்பலாக நனைந்திருந்தார். கழுத்தில் அளவெடுக்கும் டேப் அப்படியே தொங்கியது. வேலை நேரத்தில் தையல் மெஷினை விட்டு எழுந்து வருகிற ஆள் அல்ல அவர்.

"லாரன்ஸ் சார், கொஞ்சம் வெளிய வாங்க."

போனேன்.

"மீட்டர் சார் போயிட்டாரு."

"எங்க போயிட்டாரு?" என்று கேட்டேன். ஓர் இடத்தில் உட்காராத மனிதரைப் பற்றி அப்படிச் சொன்னால் வேறென்ன கேட்கத் தோன்றும்? காதர் பாய் டேப்பைக் கழற்றிச் சுருட்ட ஆரம்பித்தார். அப்போதுதான் புரிந்தது. எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று இன்னும் தெரியவில்லை.

மின்சார இலாகாவில் மீட்டர் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்ற திரு. ஞானப்பிரகாசம் அவர்கள் என் அக்கா மரகதத்தின் கணவர். நான் அவரை மாமா என்றே அழைத்தேன். பிரேசர் டவுனில் பாதிப் பேருக்கு அவர் 'மீட்டர் சார்'. வானொலி, ஆம்பிளிஃபயர் என்று அலைகிற சின்ன வட்டத்தில் 'ஒற்றை வால்வு ஞானப்பிரகாசம்'. அவரை அறிந்தவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. அறியாதவர்கள், அவர் வீட்டுப் பக்கம் போயிருந்தால் நிச்சயம் அவர் குரலையாவது கேட்டிருப்பார்கள். அது ஏன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

மாமாவை நான் முதலில் பார்த்தது அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று. வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை. சுவரில் இருந்த சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தார். பிறகு எங்கள் அப்பாவிடம், "இதுல ஒயர் லூசா இருக்கு, தீப்பிடிக்கும்," என்றார். அதுதான் அவர் பேசிய முதல் வாக்கியம். அக்கா காபி கொண்டு வந்தபோது ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார், சரி என்றார், மறுபடி சுவிட்சுக்குப் போய்விட்டார். அப்பா தயங்கினார். ஆனால் அக்காவுக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. "தீப்பிடிக்கும்னு சொன்னாருல்ல, நம்ம மேல அக்கறை இருக்கு," என்றாள்.

கல்யாணமாகிச் சில வருடங்களில் அவருக்கு ஆம்பிளிஃபயர் பைத்தியம் பிடித்தது. கிராமபோன் தட்டில் ஊசி ஓடும்போது கிடைக்கும் நூலளவு மின்சாரத்தை, ஒலிபெருக்கியை அசைக்கிற அளவுக்குப் பெரிதாக்குவதுதான் அந்தப் பெட்டியின் வேலை. அதில் கடைசி உழைப்பு முழுவதும் அவுட்புட் வால்வு என்கிற கண்ணாடிக் குடுவையின் தலையில் விழும். மற்றவர்கள் அந்த இடத்தில் இரண்டு வால்வுகளைச் சேர்த்துப் போட்டுச் சுமையைப் பங்கிடுவார்கள். மாமா ஒரே ஒரு வால்வுதான் போடுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"ரெண்டு பேர் சேர்ந்து ஒரே பாட்டைப் பாடினா, ஒருத்தர் மூச்சு வாங்கறது இன்னொருத்தர் சத்தத்துல மறைஞ்சு போவும், லாரன்ஸ். எனக்கு மூச்சும் கேக்கணும்."

சரி, ஒற்றை வால்வு. எந்த வால்வு? இந்தக் கேள்வியில் அவர் ஆயுளில் பத்துப் பதினோரு வருடம் போயிற்று.

முதலில் ஃபார்ட்டி ஃபைவ் என்கிற ட்ரையோடு. உள்ளே மூன்றே உறுப்புகள் கொண்ட எளிய வால்வு. சத்தம் குறைவு, ஆனால் வயலினின் வில் தந்தியைத் தொடுகிற இடம்கூடக் கேட்கும். பிறகு டூ-ஏ-த்ரீ. அதுவும் ட்ரையோடுதான், கொஞ்சம் பலசாலி. வாங்கிய வாரமே, "இது தடிப்பாப் பேசுது," என்று கழற்றினார். பிறகு ஊருக்குப் புறப்பட்ட ஒரு வெள்ளைக்கார அதிகாரி விட்டுச்சென்ற வானொலியிலிருந்து பிரிட்டிஷ் ட்ரையோடு ஒன்று. அது போனதும் மறுபடி ஃபார்ட்டி ஃபைவ். ஒவ்வொரு வால்வுக்கும் மின்னழுத்தம் வேறு, மாட்டும் குழி வேறு என்பதால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தகரப் பெட்டி செய்தார். வீட்டில் பீரோவுக்கு மேல், கட்டிலுக்குக் கீழ், அரிசி டின்னுக்குப் பக்கத்தில் என்று எங்கும் பெட்டிகள். இந்த ட்ரையோடுகள் எல்லாம் கொஞ்சம் முனகும் குணமுள்ளவை. அந்த முனகலை அடக்குகிற திருகை ஒரு கையால் திருகிக்கொண்டு, ஒலிபெருக்கிக்குள் தலையை விட்டுக்கொண்டு அவர் குனிந்து நிற்பதைப் பார்த்தால் எனக்கே நிலைகொள்ளாது.

"மாமா, ஏதாவது ஒண்ணை முடிவு பண்ணுங்களேன்," என்று ஒருநாள் கத்தினேன்.

"உங்க அக்காவை ஒரு தடவைதான் பார்த்தேன், சரின்னுட்டேன். வால்வை அப்படி முடிவு பண்ண முடியாதுப்பா."

ஐந்து உறுப்புகள் கொண்ட பெண்டோடு வால்வை மட்டும் அவர் வீட்டுக்குள் சேர்க்கவில்லை. சத்தம் அதிகம் வரும், ஆனால் கரகரப்பு. "பெண்டோடு கத்தும், பேசாது," என்பது அவர் தீர்ப்பு. அதை யாராவது புகழ்ந்தால், வேட்டியில் காபி கொட்டியவர்போல எழுந்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர் வீட்டில் ஒரு சபை கூடும். நான், பக்கத்துக் கடை காதர் பாய், மாமாவின் ஆபீஸ் நண்பர் புட்டசாமி, அக்கா. மாமா எங்கள் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்வார். ஒரே இசைத்தட்டை இரண்டு பெட்டிகளில் மாற்றி மாற்றிப் போடுவார். எது இனிமை என்று சொல்ல வேண்டும். நான் பெரும்பாலும் தப்பாகச் சொல்லித் திட்டு வாங்குவேன். காதர் பாய் பாதி சரியாகச் சொல்வார். அக்கா மட்டும் எப்போதும் சரியாகச் சொல்வாள். மாமா பெருமையோடு எங்களைப் பார்ப்பார். "காதுன்னா அது காது," என்பார்.

இதற்கிடையே ஒரு வருடம் அக்காவுக்கு டைபாய்டு வந்து பிழைத்தாள். அதற்குப் பிறகு கூப்பிட்டால் சட்டென்று திரும்புவதில்லை. உடம்பு தேறவில்லை, கவனம் இல்லை என்று நாங்களாக ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம். கோவிலில் மற்றவர்கள் எழுந்தால் எழுவாள், முழங்காலிட்டால் முழங்காலிடுவாள். ஞாயிறு சபையில் வழக்கம்போல எப்போதும் சரியான பெட்டியையே சொன்னாள்.

யுத்தம் முடிந்த சமயம். இராணுவம் வேண்டாம் என்று தள்ளிய சாமான்கள் சிவாஜிநகரில் பழைய சாமான் விற்கும் குஜரிக் கடைகளில் குவிந்து கிடந்தன. புட்டசாமி அங்கிருந்து ஒரு பெண்டோடு வால்வைக் கொண்டுவந்து, ஒரு தடவை போட்டுத்தான் பாருங்களேன் என்று பிடிவாதம் பிடித்தார். மாமா முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒரு பெட்டி செய்தார். அந்த ஞாயிறு எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, இசைத்தட்டைச் சுழலவிட்டு, ஊசியை வைத்து, சுவிட்சைப் போட்டார்.

இந்த வகை வால்வு உள்ளே சூடேறும் வரை ஒரு சத்தமும் தராது. அரை நிமிஷமாவது காத்திருக்க வேண்டும். தட்டு சுழல்கிறது. அறையில் பூரண அமைதி. அந்த அமைதியில் அக்காவின் குரல் கேட்டது.

"ஆ, இது ரொம்ப இனிமையா இருக்குங்க."

நாங்கள் சிரித்துவிட்டோம். "சென்னாகிதே, சென்னாகிதே!" நன்றாயிருக்கிறது என்று கன்னடத்தில் சொல்லிப் புட்டசாமி கைதட்டினார். கண்ணைத் திறந்தேன். அக்காவும் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணை மூடவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அவள் பார்வை முழுவதும் மாமாவின் முகத்தில் இருந்தது. இத்தனை நாளும் அந்த முகம் மலர்வதைப் பார்த்துத்தான் பெட்டியைச் சொல்லியிருக்கிறாள். மாமா சிரிக்கவில்லை. அதற்குள் வால்வு சூடேறி, பாட்டு நடுவிலிருந்து பெரிதாகக் கிளம்பியது. அவர் ஊசியைத் தூக்கினார். பாட்டு நின்றது. அக்கா தலையை ஆட்டி ரசித்துக்கொண்டே இருந்தாள்.

அன்றோடு ஞாயிறு சபை முடிந்தது.

டாக்டர் பார்த்தார். டைபாய்டில் காது பெரும்பகுதி போயிருக்கிறது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், அதுவும் எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது என்றார். காதில் மாட்டுகிற ஹெட்போனை மாமா வாங்கி வந்தார். அக்கா ஒரு நாள் மாட்டிப் பார்த்துக் கழற்றி எறிந்தாள். "கடிவாளம் போட்ட குதிரை மாதிரி ஒயரை இழுத்துக்கிட்டு நான் எப்படி அடுப்படியில திரும்பறது?" என்றாள். அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. அவள் நாளெல்லாம் புழங்குகிற இடம் அடுப்படி. அங்கே கேட்டால்தான் கேட்டது.

அப்போதுதான் மாமா ஒரு காரியம் செய்தார். ஒரு பழைய டெலிபோனின் பேசும் பகுதியைக் கழற்றி மைக் ஆக்கினார். அது முன்னறையில். ஒலிபெருக்கி பின்கட்டில், அடுப்படி அலமாரியில். நடுவில் ஆம்பிளிஃபயர். அவர் முன்னறையிலிருந்து பேச வேண்டியது, அக்காவுக்குக் கேட்டால் அவள் கரண்டியால் பாத்திரத்தில் ஒரு தட்டுத் தட்ட வேண்டியது. தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று அவளுக்கே தெரியாமல் தெருவுக்குக் கேட்கக் கத்திவிடுவாள் என்பதால் இந்த ஏற்பாடு.

ஒவ்வொரு வால்வையும் மறுபடி பரீட்சைக்கு வைத்தார். அவருடைய செல்ல ஃபார்ட்டி ஃபைவுக்குத் தட்டே வரவில்லை. டூ-ஏ-த்ரீக்கு எப்போதாவது ஒன்று. பிரிட்டிஷ் வால்வுக்கு இரண்டு மூன்று. அவர் மைக்கில் பேசுவார், அடுப்படிக்கு ஓடுவார், திரும்பி ஓடி வருவார், மறுபடி பேசுவார். நடுக்கதவு திறந்திருந்தால் ஒலிபெருக்கியின் சத்தம் மைக்குக்கே திரும்பி வந்து ஊளையிடும். காதர் பாயின் கடையில் ஊசி உடையும். கடைசியில் மாமா தாமே குஜரிக்குப் போய், சிக்ஸ்-எல்-சிக்ஸ் என்கிற முரட்டு வால்வை வாங்கி வந்தார். அவர் வெறுத்த பெண்டோடு கூட்டத்துக்கே அண்ணன் அது. அதை மாட்டி, சத்தத் திருகைக் கடைசிவரை திருப்பி, "சாதம் ஆச்சா?" என்றார். டங்கென்று ஒரு தட்டு. "ரசம்?" தட்டு. "வெத்தலை இருக்கா?" தட்டு. மனிதர் மைக்கை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ட்ரையோடு என்ன ஆச்சு மாமா? மூச்சு கேக்கணும்னீங்களே," என்று சீண்டினேன். சீண்டியிருக்க வேண்டியதில்லை, ஆனால் எங்கள் உறவு அப்படி.

"எனக்கு இனிக்கறது அவளுக்கு எட்டலையே லாரன்ஸ். எட்டாதது இனிச்சு என்ன?"

இதில் அவர் கொடுத்த விலை எனக்குத் தெரியும். இசையை விட்டது பெரிதல்ல. மாமா கூச்ச சுபாவி. கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் எதிரில் மனைவியைப் பேர் சொல்லி அழைத்ததில்லை. 'இந்தாம்மா' என்பதோடு சரி. அப்படிப்பட்டவரின் வீட்டுப் பேச்சு முழுவதும் இப்போது தெருவுக்குக் கேட்டது. மீட்டர் சார் வீட்டில் இன்று முருங்கைக்காய் சாம்பார் என்பது மூலையில் இருக்கும் ரொட்டிக் கடை வரை தெரியும். அவர் மைக்கில் ஆபீஸ் கடிதம் வாசிப்பதுபோலப் பேச ஆரம்பித்தார். "குளிக்க வெந்நீர் வைக்கலாம்." "சலவைக்காரர் வந்திருக்கிறார்." ஒரே ஒரு நாள் உப்பு ஜாஸ்தி என்று பொறுமை இழந்து மைக்கில் கத்திவிட்டார். மறுநாள் காலை எதிர்வீட்டுப் பெண்கள் மூன்று பேர் அக்காவுக்காக நியாயம் கேட்க வாசலில் வந்து நின்றார்கள். அவர்களுக்கும் அவரேதான் கதவைத் திறந்தார், பாவம்.

எங்கள் தெரு அவரைக் கேலி செய்தது, பிறகு பழகிக்கொண்டது, பிறகு அவர் குரலை வைத்தே நேரம் பார்த்தது. அக்கா அந்த இரண்டு மூன்று வருடங்களில் மறுபடி பழைய அக்காவானாள். ஆள் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிற அந்தக் கவலைச் சிரிப்பு போயிற்று. அதை நான் எந்தக் காலத்திலும் மறக்க மாட்டேன்.

இந்த வருடம் மாமாவுக்கு இதயம் பலவீனம் என்றார் டாக்டர். படுக்கையை விட்டு எழக்கூடாது என்றார். யாரிடம் போய்ச் சொல்கிறார்! முன்னறைக் கட்டிலில் படுத்தபடியே கால் ஆடிக்கொண்டிருந்தது, விரல் கட்டில் சட்டத்தில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. மைக்கைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஆனால் குரல் நாளுக்கு நாள் இறங்கியது. வால்வும் அதே சமயத்தில் களைத்துப் போயிருந்தது. முன்பு ஒரு தட்டு வந்த இடத்தில், இரண்டு மூன்று தடவை சொன்னால்தான் ஒரு தட்டு.

"வேற ஒரு சிக்ஸ்-எல்-சிக்ஸ் கொண்டா லாரன்ஸ். சீக்கிரம் கொண்டா. என் தொண்டையும் போவுது, அதுவும் போவுது. ரெண்டுல ஒண்ணாவது நிக்கணும்."

சிவாஜிநகர் முழுவதும் அலைந்தேன். இராணுவச் சரக்கு வற்றியிருந்தது. ஒரு கடையில் உள்ளே வெள்ளை பூத்த செத்த வால்வு ஒன்றைக் காட்டினார்கள். மெட்ராசுக்குச் சொல்லி அனுப்பினேன். இன்று வரும், நாளை வரும் என்றார்கள். நான் ஆபீசில் உட்கார்ந்தாலும் மனம் அந்த அடுப்படியிலேயே இருந்தது. இன்றைக்குத் தட்டு வந்ததா, வரவில்லையா?

அந்தக் காலையில் நடந்ததைக் காதர் பாய் சொல்லித்தான் அறிந்தேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மழையில் இருவரும் நடந்தோம்.

"நான் காஜா போட்டுட்டு இருந்தேன் சார். மீட்டர் சார் குரல் வந்துச்சு. எப்பவும் மாதிரி இல்ல. அக்கா பேரைச் சொல்லிக் கூப்புட்டாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. மெஷினை நிறுத்திட்டேன். பால்காரன் கேனைக் கீழ வெச்சுட்டு நின்னுட்டான். அப்பறம் கொஞ்சம் பேசினாரு. என்ன பேசினாருன்னு நான் சொல்ல மாட்டேன் சார். அது புருஷன் பொஞ்சாதி பேச்சு."

"அக்கா தட்டினாளா?"

அவர் நடையை நிறுத்தினார்.

"அதான் சார் தெரியல. தட்டு வரல. கொஞ்ச நேரம் காத்துட்டு இருந்தோம், நானும் பால்காரனும். வரவேயில்ல. ஏதோ மனசுக்குச் சரியில்லன்னு ஓடினேன். சார் கண்ணு மூடி இருந்தாரு. அக்கா அடுப்படியிலயே இருந்தாங்க."

அடக்கம் நல்லபடி நடந்தது. தெரு முழுவதும் வந்தது. மின்சார இலாகாவிலிருந்து வந்த பழைய நண்பர்கள் சவப்பெட்டியைத் தூக்கினார்கள். புட்டசாமி குழந்தைபோல அழுதார். எல்லோரும் அக்காவின் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள், எல்லோரும் அவள் முகத்தை ஒரு மாதிரி பார்த்தார்கள். ஏன் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியும். மாமா அவ்வளவு கூச்சத்தையும் விட்டுத் தெருவே கேட்கச் சொன்ன வார்த்தைகள், யாருக்காகச் சொன்னாரோ அவளுக்குப் போய்ச் சேர்ந்தனவா? எப்படிக் கேட்பது? கேட்டு, "என்ன சொன்னார்?" என்று அவள் திருப்பிக் கேட்டுவிட்டால், அதை யார் அவளுக்குச் சொல்வது?

ஏழாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தோம். அக்கா நேரே அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் முன்னறையில் மாமாவின் கட்டிலில் உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை, எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். கடைசியில் மைக்கை எடுத்து, சுவிட்சைப் போட்டு, வால்வு சூடேறும் வரை பொறுத்து, "அக்கா," என்றேன். பக்கத்துக் கடையில் தையல் மெஷின் நின்றது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

அக்கா நடுக்கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றாள். அவள் குரல் எப்போதும் உரத்த குரல்தான். அது தெருவுக்குக் கேட்க ஆம்பிளிஃபயர் வேண்டியதில்லை.

"எல்லாரும் ஒரு வாரமா என் மூஞ்சியையே பாக்கறீங்க. அவர் சொன்னது எனக்குக் கேட்டுச்சுடா. ஒரு வார்த்தை விடாம கேட்டுச்சு. அதுக்குப் போய் கரண்டியால தட்டறதா? நேர்ல போய்ப் பதில் சொல்லணும்னு காபி ஆத்திக்கிட்டு இருந்தேன்."

தெருவில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தையல் மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

மாமா, நீங்கள் நிம்மதியாகப் படுத்துப் பழக்கமில்லாதவர். போன இடத்திலும் தட்டு வரவில்லையே என்று எழுந்து நடந்துகொண்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் உட்காருங்கள். அக்காவுக்குக் கேட்டது. பதிலைக் கையில் காபியோடு எடுத்துக்கொண்டு அவள் உங்களிடம்தான் வந்துகொண்டிருந்தாள்.